பஞ்சாலை நகரம் கோயம்புத்தூர்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கொழுந்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பஞ்சைப் பற்றிப் பேசுவோம். ஊர், தமிழ்நாட்டின் கோயம்புத்தூர். இந்தப் பெயர் நமது லயங்களுக்குப் புதிதல்ல. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மைக் கேட்காமலே நம்மைத் தலை எண்ணிப் பிரித்தார்கள். அப்படிக் கப்பல் ஏறிய உறவுகளில் பலர் நீலகிரிக்குப் போய் அரசாங்கத்தின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு நூற்பாலைகளில் வேலை கிடைத்தது. நீலகிரி மலையை விட்டு இறங்கினால் வருகிற பெரிய பட்டணம் கோயம்புத்தூர்.

அதைப் பற்றி இப்போது பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சாதாரண தரம் எழுதி முடித்த நமது பிள்ளைகளைத் தேடி, ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் தோட்டத்துக்கு வான் அனுப்புகிறார்கள். நூலும் துணியும் செய்கிற ஒரு பட்டணத்தில் நூறு வருடத்துக்கு மேலாக என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், அந்த வானில் ஏறுவதற்கு முன்னால் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். இந்தியாவின் மேற்குக் கரையோரமாக நீளுகிற மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்று பெயர். அதன் கிழக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறது கோயம்புத்தூர். மழையை மலை தடுத்துக்கொள்வதால் ஊர் வறண்ட பூமிதான். ஆனால் கணவாய் வழியாகக் கேரளத்துக் காற்று உள்ளே வருகிறது. வறண்ட காற்றில் இழை அறும், ஈரக்காற்றில் ஓடும். சுற்றிலும் பருத்திக்கு ஏற்ற கரிசல் மண். நொய்யல் ஆற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடாது. அதனால் விவசாயிகள் ஆழக் கிணறு வெட்டி இறைத்தார்கள். கிணற்று நீரில் கம்போடியாப் பருத்தி என்ற நல்ல ரகம் வந்தபிறகு, பருத்தியில் கண்ட காசைக் கொண்டே சில விவசாயக் குடும்பங்கள் ஆலை கட்டின. வெள்ளைக்காரன் முதலோடு மட்டும் வளர்ந்த ஊர் அல்ல அது. நமது தோட்டங்களிலிருந்து அது வேறுபடுகிற இடம் இதுதான்.

ஆனால் முதல் ஆலை வெள்ளைக்காரருடையதுதான். 1888 இல் ரொபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயம்புத்தூர் நூற்பு நெசவு ஆலை. ஊர் மக்கள் அதை ஸ்டேன்ஸ் மில் என்றார்கள். ஸ்டேன்ஸ் குடும்பம் அதற்கு முன்பு என்ன வியாபாரம் செய்தது தெரியுமா? நீலகிரிக் கோப்பியைப் பதப்படுத்தி அனுப்பும் வியாபாரம். நமது பாட்டன் பூட்டன் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்ததும் அதே கோப்பிக்குத்தான்.

1888 இல் ஒரு ஆலை. 1910 இல் லட்சுமி மில், பிறகு ஒன்று இரண்டாக வேறு சில. ஊர் ஒரேயடியாக வளர்ந்தது 1930களில்தான். 1932 இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையில் விழுந்த தண்ணீர் மின்சாரமாகிக் கம்பி வழியே சமவெளிக்கு இறங்கியது. நிலக்கரி வேண்டாம், பெரிய நீராவி இயந்திரம் வேண்டாம் என்றானதும் ஆலைகள் வரிசையாக முளைத்தன. கிணற்றுக்கு மின்மோட்டார் வந்தது, அந்த மோட்டாரைச் செய்யும் பட்டறைகளும் வந்தன. இன்றுகூட அந்த ஊர் நீர்ப்பம்புக்கும் மாவரைக்கும் கிரைண்டருக்கும் பெயர் பெற்றது. 1962 இல் நூற்பு இயந்திரங்களையே செய்யும் லட்சுமி மெஷின் வேர்க்ஸ் வந்தது. 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நமக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. பைக்காராத் தண்ணீரும் கரிசல் மண்ணும் மான்செஸ்டரில் இருந்து வரவில்லையே.

(இங்கே ஒரு வார்த்தை. மலையின் தண்ணீர் மலைக்கு வெளியே வெளிச்சம் கொடுப்பது நமக்கும் தெரிந்த சங்கதி. லக்ஸபான மின்நிலையம் 1950 இல் தொடங்கியது. அதன் கம்பிகள் நமது லயக் கூரைகளுக்கு மேலாகப் போயின. காம்பராவுக்குள் பல்ப் எரிய எத்தனை வருடம் போனது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.)

ஆலைக்குள்ளே என்ன வேலை? நமது தேயிலை பக்டரியில் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, காயவைத்து, சலிப்பது போல அங்கேயும் வரிசை உண்டு. பஞ்சுப் பொதியை உடைத்துத் தூசி தட்டுவது, சீவுவது, கயிறாக இழுப்பது, மெல்லியதாக்கி முறுக்குவது, சுற்றுவது. நூலுக்கு நம்பர் உண்டு. நாற்பதாம் நம்பர் என்றால், ஒரு இறாத்தல் நூலில் 840 யார் நீளமுள்ள சிட்டம் நாற்பது இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு இறாத்தல் பஞ்சு பத்தொன்பது மைல் நூலாகிறது. அந்தப் பத்தொன்பது மைலில் எங்கே இழை அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட ஒரு ஆள் வேண்டும். நூற்கும் பகுதியில் ஷிப்ட் முழுவதும் நின்றும் நடந்தும்தான் வேலை.

கூடவே தூசி. தேயிலைத் தூள் தொண்டையைக் கட்டுவது நமக்குத் தெரியும். பஞ்சுத் தூசி நுரையீரலைப் பிடிக்கிறது. இந்த நோய்க்கு ஒரு அடையாளம் உண்டு. ஓய்வு நாள் முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டும், அடுத்த நாள் கொஞ்சம் தணியும். சளி என்று நினைத்துப் பல வருடம் கடத்திவிட்டால், பிறகு எந்த நாளும் தணியாது.

ஆலைக்கு ஆள் சேர்த்தவர் மேஸ்திரி. வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். இடம் வேண்டுமானால் அவருக்குக் கைக்காசு. இதைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறீர்கள், கங்காணியை நினைத்துத்தானே! 1931 இல் வெளியான இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழு அறிக்கையே, ஆள் எடுக்கும் அதிகாரத்தை இவர்கள் கையிலிருந்து எடுக்க வேண்டும் என்றது. ஆனால் அறிக்கை எழுதியதால் மட்டும் எதுவும் மாறவில்லை.

1930களின் நடுவில் அங்கே சங்கம் வேரூன்றியது. என்.ஜி. ராமசாமி என்ற இளைஞர் ஆலை ஆலையாகத் தொழிலாளரைத் திரட்டினார். அடியாட்களின் தாக்குதலுக்கு ஆளானார், சிறைக்குப் போனார், 1943 இல் முப்பது வயதளவிலேயே இறந்துபோனார். அந்த ஊர்ப் பழைய தொழிலாளர் குடும்பங்களில் இன்றைக்கும் அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்கிறார்கள்.

அடுத்துச் சொல்லப்போவதை மாதர் தலைவிகள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ரங்கவிலாஸ் என்ற ஆலையில் வேலை செய்த பெண்ணொருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். செய்தவன் நிர்வாகத்தின் அடியாள் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். தொழிலாளரோடு ஏற்பட்ட மோதலில் அவன் இறந்தான். ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நான்கு ஆலைத் தொழிலாளர்களுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1946 ஜனவரி 8 ஆம் திகதி கோயம்புத்தூர்ச் சிறையில் நால்வரையும் தூக்கிலிட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று அவர்களுக்குப் பெயர். ஒவ்வொரு ஜனவரி 8 இலும் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அதே 1946 நவம்பரில் ஸ்டேன்ஸ் மில்லில் பொலிஸ் சுட்டதில் மேலும் பல தொழிலாளர்கள் செத்தார்கள்.

ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை 'அது அவள் வீட்டு விஷயம்' என்று அந்த ஆலைத் தொழிலாளர்கள் ஒதுக்கவில்லை. நமது மலைகளில் இப்படி ஒன்று நடந்தால் எத்தனை தோட்டக் கமிட்டி கூட்டத்தில் அதை எடுத்துப் பேசுகிறோம்? சம்பளப் பிரச்சினைக்குக் கொடி பிடிக்கிற கை, இதற்குச் சட்டைப் பைக்குள் போய்விடுகிறது.

1947 இல் தொழில் நீதிமன்றத் தீர்ப்பொன்று சென்னை மாகாண ஆலைகளுக்குப் பொதுவான சம்பள அளவை நிர்ணயித்தது. 1948 இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்று வரையறுத்தது. நிரந்தர வேலை, பஞ்சப்படி, போனஸ், சேமலாப நிதி எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் மில் வேலைக்காரர் என்றால் பெண் கொடுக்க யோசிக்கமாட்டார்கள்.

ஆனால் அந்த நல்ல காலத்தில் பெண்கள் மெல்ல வெளியே போனார்கள். சிட்டம் சுற்றும் பகுதி பெண்களுடையது. இயந்திரம் மாறியதும் அந்த வேலை சுருங்கியது. இரவில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது, ஆலைகளோ மூன்று ஷிப்ட் ஓடின. நிரந்தர வேலை பெரும்பாலும் ஆண்களுக்கு என்றாகிவிட்டது. 2000 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், பாதுகாப்பு நிபந்தனைகளோடு அந்த இரவுத் தடையை நீக்கியது. தீர்ப்பு சமத்துவத்தின் பெயரில்தான் வந்தது. ஆனால் ஆலைகள் அக்கா தங்கைகளை நிரந்தரத் தொழிலாளராகத் திரும்ப அழைக்கவில்லை.

அவர்கள் அழைத்தது பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் பரவிய முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். பெயரைப் பாருங்கள்! ஏழை வீட்டுக்கு, அதிலும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களுக்கு, ஏஜென்ட் போவார். மூன்று வருடம் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை மொத்தமாகத் தருவோம் என்பார். மாதச் சம்பளம் சொற்பம். அவர்களைப் பயிற்சியாளர் என்று எழுதிக்கொள்வார்கள், தொழிலாளி என்று எழுதமாட்டார்கள். விடுதி ஆலை மதிலுக்குள்ளே. வெளியே போகத் தடை, சங்கக்காரர் உள்ளே போக முடியாது. சுகயீனம் என்று இரண்டரை வருடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டால், கடைசித் தொகை கைக்கு வராமல் போன பிள்ளைகள் ஏராளம். அந்தத் தொகை என்ன, முதலாளி தருகிற சீதனமா? மாதாமாதம் கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்திருந்து, அதற்கு மாலை போட்டுத் திருப்பித் தருவதுதான். இந்த முறையை எதிர்த்து அங்கே சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் போராடின, நீதிமன்றம் போயின. இப்போது பெயரை மாற்றிக்கொண்டார்கள், ஒடிசாவிலும் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் இருந்து ஆள் கொண்டுவருகிறார்கள். புது ஊர், புது மொழி. யாரிடம் போய் முறையிடுவது?

பழைய ஆலைகள் என்னவாயின? நலிந்த ஆலைகளை 1970களில் அரசாங்கம் எடுத்துத் தேசிய பஞ்சாலைக் கழகத்திடம் கொடுத்தது. ஸ்டேன்ஸ் மில்லும் ரங்கவிலாஸும் அப்படிப் போனவைதான். 2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தின்போது கழகத்தின் ஆலைகள் நின்றன. முடக்கம் நீங்கிய பிறகும் சங்கு ஊதவில்லை. பல தொழிலாளர் பாதிச் சம்பளத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வாசலில் போராடினார்கள். ஊர் வளர்ந்து ஆலைகள் நகரத்தின் நடுவே வந்துவிட்டன. உள்ளே ஓடும் நூலைவிட அடியில் கிடக்கும் நிலத்துக்கு விலை கூடிவிட்டது. தேயிலையைப் பிடுங்கி ஹோட்டல் கட்டப் பேசுகிற கம்பனிகளைப் பார்த்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருப்பூரைப் பற்றியும் ஒரு சொல். கோயம்புத்தூருக்குக் கிழக்கே நொய்யல் ஓரமாக இருக்கும் பனியன் ஊர் அது. சாயக் கழிவு ஆற்றில் விழுந்து, கீழே விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்க் குட்டையானது. விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 இல் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது பட்டறைத் தொழிலாளரும் நடுத்தெருவில் நின்றார்கள். ஆற்றைக் கெடுத்தவர்கள் அவர்கள் அல்ல.

இனி நமது வேலைக்கு வருவோம். பிள்ளைகள் காமென்ட்டுக்குப் போகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கொழுந்துக் கூடைதான் கதி என்று யாரையும் கட்டிவைக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஆள் சேர்க்க வருகிறவரிடம் நியமனக் கடிதம் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் எவ்வளவு பிடிப்பார்கள், சேமலாப நிதி முதல் மாதத்திலிருந்தே கட்டுவார்களா என்று கேளுங்கள். 'ஒரு வருடம் முடித்தால் மொத்தமாக' என்று எதையாவது சொன்னால், அது மாதம் எவ்வளவு, நடுவில் விலகினால் யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். விடுதிக்குப் பெற்றோர் எந்த நாளிலும் போகலாமா? பிள்ளையிடம் போன் இருக்க விடுவார்களா? அடையாள அட்டையை யாராவது வாங்கி வைத்துக்கொள்வதாக இருந்தால் கொடுக்க வேண்டாம்.

மாதர் தலைவிகள் ஒவ்வொரு லயத்திலும் இந்த வருடம் வெளியே வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர், போன இடம், வயது மூன்றையும் கொப்பியில் எழுதி வாருங்கள். கடிதம் கையில் இருப்பவர்கள் அதையும் கொண்டுவரட்டும். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் இருப்போம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து வரிக்கு வரி வாசித்துச் சொல்வோம்.