சாக்கெட் ஒன்றுதான், வால்வு வேறு
(நமது குடியிருப்பின் பொழுதுபோக்கு மாலையில் ஆற்றிய உரை)

"உங்கள் பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது, ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க நல்ல சந்தர்ப்பம் என்று ஒப்புக்கொண்டேன். போன மார்கழியில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டிலிருந்து உறுமல் சத்தம் வந்தது, கருகல் வாடை அடித்தது என்று வாட்ஸப் குழுவில் சிலர் எழுதியிருந்தீர்கள். அன்று நான் பதில் போடவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் குமாஸ்தாவாகவே இருந்து ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகுதான் வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டப் பழகினேன். உங்களில் பெரியவர்களுக்கு வால்வு ரேடியோ நினைவிருக்கும். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது; சூடேறி, சற்றுப் பொறுத்துத்தான் வாய் திறக்கும்.

வால்வு என்பது காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாய். உள்ளே சூடான கேத்தோடிலிருந்து பிளேட்டுக்கு எலக்ட்ரான்கள் ஓடும். நடுவில் கிரிட் என்ற கம்பிச்சுருள். அதில் நெகடிவ் வோல்டேஜைக் கூட்டினால் ஓட்டம் குறையும். குறைத்தால் ஓட்டம் கூடும். தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரி. நிரந்தரமாகக் கொடுத்து வைக்கும் அந்த வோல்டேஜுக்குப் பெயர் பயாஸ்.

என் ஆம்ப்ளிஃபயர் புஷ்-புல் வகை. அதில் இரண்டு வால்வுகள், அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரண்டு பாதிகளில் எதிரெதிராகக் கரண்ட் இழுக்கும். எங்கள் பாஷையில் சொன்னால் ஒன்று பற்று, மற்றது வரவு. இரண்டும் சமமாக இருந்தால் டிரான்ஸ்பார்மரின் இரும்பில் மிச்சம் நிற்காது. அதனால்தான் பொருத்தம் பார்த்து ஜோடியாக வால்வு வாங்குவார்கள்.

என்னிடம் இருந்தது இஎல்34 ஜோடி. அதில் ஒன்று செத்துப்போனது. புது ஜோடியின் விலையைக் கேட்டதும் பென்ஷன்காரனுக்கு மனசு வரவில்லை. ரிச்சி தெருவில் முன்பு வாங்கிய 6எல்6ஜிசி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதுவும் எட்டு முள், அதே சாக்கெட். போட்டுப் பார்த்தால் என்ன?

மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ராத்திரி பதினொரு மணி. வால்வும் ஒயரும் ஒருசேரத் தெரியும்படி ஆம்ப்ளிஃபயரைப் பக்கவாட்டில் நிறுத்தி, மீட்டரை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பார்த்த எண்ணை உடனே துண்டுச் சீட்டில் எழுதுவது பழைய தொழில் புத்தி, அன்றும் எழுதினேன். ஸ்பீக்கர் உறுமியது. சிறிது நேரத்தில் 6எல்6-இன் பிளேட் செக்கச்செவேல் என்று சிவந்தது. பதற்றத்தில் ஒரு கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடப்போனேன். உள்ளே 400 வோல்ட்.

காலிங் பெல் அடித்தது. சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். கீழ்வீட்டு நண்பர். "என்ன சார் சத்தம் இது? பேரன் தூங்க மாட்டேங்கறான்" என்றார். கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கோபம்தான் அன்று என்னைக் காப்பாற்றியது. ஒரு கை சட்டத்திலும் மறு கை 400 வோல்ட்டிலும் பட்டிருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போயிருக்கும். நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். இஎல்34 இழுத்தது 50 மில்லி ஆம்பியர். 400 வோல்ட்டால் பெருக்கினால் 20 வாட். அது 25 வாட் தாங்கும். 6எல்6ஜிசி இழுத்தது 82. கிட்டத்தட்ட 33 வாட். அது தாங்குவது 30 தான். தப்பு வால்வில் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பயாஸ் வைத்திருந்தேன். ஒன்றுக்குச் சரியான அளவு மற்றதற்குப் போதவில்லை. 32 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கழியாமல் நின்றது. சமமாக இருந்தால் கழிந்துபோகும் சப்ளையின் 100 ஹெர்ட்ஸ் அதிர்வும் உறுமலாக வெளியே வந்தது.

பிறகு ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனி பயாஸ் திருகு வைத்தேன். ஒவ்வொரு கேத்தோடிலும் 10 ஓம் ரெசிஸ்டர். அதன் மேல் 0.45 வோல்ட் காட்டினால் 45 மில்லி ஆம்பியர் என்று அர்த்தம். இரண்டையும் அந்த அளவுக்குக் கொண்டுவந்ததும் உறுமல் அடங்கியது. வேறு இரண்டும் பார்க்க வேண்டும். இஎல்34-க்கு ஒன்றாம் முள்ளை எட்டாம் முள்ளோடு சேர்க்க வேண்டும். 6எல்6ஜிசி-க்கு அது தேவையில்லை, இருந்தாலும் கெடுதல் இல்லை. ஹீட்டருக்கு இஎல்34 1.5 ஆம்பியர் கேட்கும், 6எல்6 0.9 தான். என்னுடையது இஎல்34-க்குக் கட்டியது, தப்பித்தேன். 6எல்6-க்கு அளவாகக் கட்டியதில் இஎல்34-ஐச் செருகினால் பவர் டிரான்ஸ்பார்மர் சூடாகும்.

சத்தம் எப்படி என்று கேட்பீர்கள். ஒத்த ஜோடியில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று கழித்துவிடும். கலப்பு ஜோடியில் கொஞ்சம் மிஞ்சும். இரண்டாம் ஹார்மோனிக் என்பது மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரம். அளவோடு இருந்தால் காதை உறுத்தாது. என் காதுக்கு வீணை கொஞ்சம் கனமாகக் கேட்கிறது. கணக்குப்படி பார்த்தால் அதுவும் ஒரு பிழைதான்; எனக்குப் பிடித்த பிழை.

உங்கள் வீட்டிலும் பழைய வால்வு செட் இருக்கலாம். பேரப்பிள்ளைகள் திறந்து பார்க்க ஆசைப்படலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். மீட்டரில் பூஜ்யம் பார்க்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது. ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டக் கூடாது. முக்கியமாக, தனியாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

இப்போது நான் ஆம்ப்ளிஃபயரைத் திறக்கும் நாட்களில் கீழ்வீட்டு நண்பர் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வேலை கிடையாது. இது அவர் பேரனுக்கு நான் கொடுத்த வாக்கு. அன்று சத்தம் வந்ததற்கு உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பெல் அடித்ததற்கு அவருக்கு நன்றி.

ஞாயிறு சாயந்திரம் வீட்டுக்கு வாருங்கள். பாட்டு கேட்கலாம், காபியும் உண்டு.