தொப்பியைக் கழற்றாதவர்கள்

 

மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் ஆணையிடுவதை நம் ஆண்டவர் தடை செய்கிறார். திருப்பலியில் அதைக் கேட்டுத் தலையசைக்கிறோம். வீட்டுக்குப் போனதும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறோம். ஆனால் அந்த வார்த்தைக்காகச் சிறைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்கள் அவர்கள்.

‘நடுங்குகிறவர்கள்’ என்று பிறர் கேலியாக வைத்த பெயர் அது. தங்களை நண்பர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அதைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ், செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர். அவர்களுடைய கூட்டத்தில் குருவும் கிடையாது, நற்கருணையும் கிடையாது, மௌனமாக அமர்ந்திருப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் உள்ள தூரத்தை மறைக்க வேண்டியதில்லை. ஒரு குருவானவர் இவர்களைப் பற்றி மறையுரை வைப்பதே கொஞ்சம் வேடிக்கைதான்.

ஜெபிக்கும்போது தவிர வேறு யாருக்காகவும் அவர்கள் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். 1670இல், தெருவில் பிரசங்கித்த குற்றத்துக்காக வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரும் லண்டன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அப்போது தலையில் தொப்பி இல்லை. நீதிபதி ஆளை விட்டுத் தொப்பியை மாட்டச் சொல்லி, பிறகு அதைக் கழற்றவில்லை என்று அபராதம் விதித்தார்! குற்றவாளிகள் என்று சொல்ல மறுத்த ஜூரிகளையும் சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டிவைத்தார்கள். அவர்கள் மசியவில்லை. ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்ற சட்டம் நிலைபெற்றது அந்த வழக்கின் தொடர்ச்சியில்தான்.

தொப்பியைப் போலவே அடி வாங்கிக் கொடுத்தது ஒரு சொல். அக்கால ஆங்கிலத்திலும் நம் தமிழைப் போல ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டும் இருந்தன. எளியவனுக்கு நீ, பெரியவருக்கு நீங்கள். குவேக்கர்கள் நீதிபதியையும் பிரபுவையும் ‘நீ’ என்றே அழைத்தார்கள். பெற்ற தகப்பனாரிடமே அதற்காக உதை வாங்கிய இளைஞர்கள் உண்டு.

அந்த வழியில் வந்த ஒருவர் நம் ஊரிலும் வாழ்ந்திருக்கிறார். மார்ஜரி சைக்ஸ், 1928இல் இங்கிலாந்திலிருந்து வந்து வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியையானார். இங்கு வந்த பிறகு, 1930களில்தான் குவேக்கர் ஆனார். தமிழ் கற்றார். பின்னாளில் சாந்திநிகேதனில் பணி, காந்தியடிகளின் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விப் பணி. கோத்தகிரியிலும் வாழ்ந்தார். நாகாலாந்தில் சண்டை நடந்த 1960களில் சமாதானம் பேசப் போனவர்களில் அவரும் ஒருவர். 1995இல் இறந்தார்.

தமிழ் கற்ற அந்த அம்மையாருக்கு முதலில் குழப்பியது எது என்று யோசித்துப் பார்க்கிறோம். இந்த நீ, நீங்கள்தானோ? மயிலாப்பூர் அடுக்குமாடியில் வாட்ச்மேனுக்கு எழுபது வயது, ‘கேட்டைத் திற’ என்கிறோம். பாண்டி பஜாரில் பூ விற்கும் பாட்டியிடம் ‘என்ன விலை சொல்றே’. காரில் வந்து இறங்கும் இருபது வயதுக்காரருக்கு ‘வாங்க சார்’.

எல்லாரையும் ‘நீ’ என்றழைத்தால் நம் ஊரில் சண்டைதான் வரும். நாம் மேலே சமப்படுத்தலாமே?

எங்கள் கோவிலைப் பெருக்கும் அம்மாவை இத்தனை வருடமாக ‘இங்கே வா’ என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறோம். போன வாரம் ‘வாங்கம்மா’ என்றோம். துடைப்பத்தோடு நின்று, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.