மண்ணுக்குத் திரும்பாத உரம்

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

நாம் கூடியிருக்கும் இந்தப் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ஓர் ஆறு ஓடுகிறது. பலருக்கு அது வெறும் லோங்காங், சாக்கடை. சுங்கை ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், டொண்டாங் ஆறுகளெல்லாம் சுங்கை பினாங்கில் கலந்து கடலுக்குப் போகின்றன. சுங்கை பினாங்கு கறுத்து நாறும்போது மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றித்தான் பேசுகிறோம். அதை வலைபோட்டு அள்ளிவிடலாம். நீரில் கரைந்து போகும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எந்த வலையிலும் சிக்குவதில்லை.

இந்தப் பாஸ்பரஸ் தொலைவிலிருந்து வருகிறது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கிறிஸ்மஸ் தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பாஸ்பேட் பாறையை வெட்டி எடுக்கிறார்கள். அந்தப் பாறைத்தூள் நம் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு வந்தது. உங்களில் பலருடைய பாட்டிமார் வாளி வாளியாக உரம் சுமந்து மரத்தடியில் வீசியவர்கள். நைட்ரஜன் உரமோ காற்றிலிருந்து வருகிறது. 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் தொழிற்சாலை காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றத் தொடங்கியது. வயலில் போட்ட உரத்தில் ஒரு பகுதி மழையோடு ஓடிவிடுகிறது. இன்னொரு பகுதி சோறாக, காய்கறியாக நம் தட்டுக்கு வருகிறது. ஒருவர் உடலிலிருந்து ஆண்டுக்குச் சுமார் அரை கிலோ பாஸ்பரஸ் வெளியேறுகிறது.

முன்பு மலாயா நகரங்களில் வாளிக் கழிப்பறைகள் இருந்தன. அந்தக் கழிவு ஊரோரக் காய்கறித் தோட்டங்களுக்கு எருவானது. நோயும் இழிவும் நிறைந்த ஏற்பாடு அது. அந்தக் கழிவைச் சுமந்தவர்களுக்கு இந்த நகரம் உரிய மரியாதையைக் கொடுத்ததே இல்லை. அது ஒழிந்தது நல்லது. ஆனால் மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்பிய வழியும் அதோடு அடைபட்டது. இன்று எல்லாம் குழாய் வழியாக ஒரே திசையில் போகிறது. பின்சந்துகளில் பாத்திரம் கழுவிய தண்ணீர் பல இடங்களில் சுத்திகரிப்பு நிலையத்தையே எட்டாமல் நேரே லோங்காங்கில் விழுகிறது.

இப்படிச் சேரும் பாஸ்பரஸ் நீரில் என்ன செய்யும் என்று 1973இல் கனடாவில் சோதித்தார்கள். அறிவியலாளர் டேவிட் ஷிண்ட்லரும் அவர் குழுவும் 226ஆம் எண் ஏரியை நடுவில் ஒரு திரைகட்டிப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பாசி படர்ந்து பச்சையானது. ஒரு கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால் சுமார் 100 கிராம் பாசி வளரும். அது உலர்ந்த எடைக் கணக்கு. அந்தப் பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. பிறகு மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும் இக்கான் பண்டாராயா போன்ற மீன்கள்தான் மிஞ்சும்.

இனி நான் உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். மலேசியாவில் ஆறுகளுக்கு மதிப்பெண் போடும் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவுகள் உள்ளன: கரைந்த ஆக்சிஜன், இரு வகை ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள்கள், அமில-காரத் தன்மை (pH). பாஸ்பரஸ் அதில் இல்லை. நைட்ரேட்டும் இல்லை. அம்மோனியா நைட்ரேட்டாக மாறிவிட்டால் மதிப்பெண் கூடும். நைட்ரஜன் என்னவோ ஆற்றிலேயேதான் இருக்கும். 2009ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிமுறைகளும் பாஸ்பரஸுக்கு வரம்பு வைத்தது குளம், ஏரி போன்ற தேங்கிய நீரில் விடும்போது மட்டுமே. ஓடும் ஆற்றில் விடுவதற்கு வரம்பு இல்லை. ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்தில் மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களை நினைக்கும்போது எனக்கு இது பொறுக்கவில்லை.

உங்களில் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவர்கள், பாஸ்பரஸ் எவ்வளவு என்பதையும் அளந்து எழுதுங்கள், யாரும் கேட்காவிட்டாலும். சட்டம் படித்தவர்கள் அந்த 2009 விதிமுறையைத் திருத்தச் சொல்லி எழுதுங்கள். பொறியாளர்களே, கழிவுச் சேற்றிலிருந்து பாஸ்பரஸை மீட்டெடுத்துத் தோட்டங்களுக்கே திருப்பி அனுப்பும் ஆலைகள் ஐரோப்பாவில் இயங்குகின்றன. ஒன்றை இந்தத் தீவில் கட்டுங்கள். கடை வைக்கப் போகிறவர்கள், கழுவும் தொட்டியின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள்.