அடங்காத பிள்ளையா, உதவி தேடும் பிள்ளையா?



பூசை நேரத்தில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை, ஞானோபதேச வகுப்பில் கேள்வி முடியுமுன்னே பதில் கூவும் பிள்ளை, பென்சிலையும் நோட்டையும் நாள்தோறும் தொலைக்கும் பிள்ளை ஆகியோரை நாம் அறிவோம். ‘வளர்ப்பு சரியில்லை’ என்று தாயைக் குறைகூறவும் நாம் தயங்குவதில்லை.

இவர்களுள் சிலருக்கு இருப்பது கவனக்குறைவுக் கோளாறு. இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் 1902-லேயே இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றினார். இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது. பெரும்பாலும் குடும்பவழி வருவது. பிறவிக் குருடனைக் கண்டு, ‘யார் செய்த பாவம்?’ என்று சீடர் கேட்டபோது, அவனும் பாவஞ்செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்றார் நம் ஆண்டவர். நாமும் அக்கேள்வியை விட்டுவிடுவோம்.

துள்ளித் திரியும் பிள்ளைக்கெல்லாம் இக்கோளாறு இருப்பதில்லை. 12 வயதுக்கு முன்னே தோன்றி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலேனும் காணப்பட்டு, படிப்பையும் நட்பையும் கெடுத்தால் மட்டுமே ஐயுற வேண்டும். சத்தமின்றிக் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இது உண்டு. அவர்களை நாம் கவனிப்பதேயில்லை.

செய்யவேண்டியது என்ன? முதலில் ஆசிரியரோடு பேசுங்கள். கண்ணையும் காதையும் சோதியுங்கள். பின் குழந்தை மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய அரசின் சிறார் நலத் திட்டத்தில் இக்கோளாறும் அடங்கும். அதன்வழி மாவட்ட இடையீட்டு மையங்களில் உதவி பெறலாம். 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை உண்டு. ஆறு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் மருந்து. மூத்த பிள்ளைகளுக்கு மருத்துவர் மாத்திரை எழுதினால் அஞ்சவேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டிலே ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். செய்து முடித்ததும் உடனே பாராட்டுங்கள். அடியால் கவனம் வராது, அச்சமே வரும். தாயத்துக் கட்டியும் காலம் போக்காதீர்கள். மருத்துவனை மதிக்கச் சொல்கிறது சீராக் ஆகமம். செபிப்போம், மருத்துவரிடமும் போவோம்.

பங்குக்கும் கடமையுண்டு. இப்பிள்ளைகளிடம் பாட்டுப் புத்தகம் வழங்கும் பணியைக் கொடுப்போம். பிள்ளையை முன்னிட்டு வெட்கி, கோயில் வாசலில் நின்றே பூசை கண்டு திரும்பும் தாய் ஒருத்தியும் நம் பங்கில் இல்லாதபடி செய்வதே, இந்த விழா ஆண்டில் நாம் ஆண்டவருக்குக் கொடுக்கும் காணிக்கை.

இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.