சுருட்டுக்கடைக்காரரின் பேரப்பிள்ளைகளுக்கு



பட்டமளிப்பு உரைகளில் கனவு காணும்படி சொல்வது வழக்கம். அதைச் சொல்லித்தர, இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களுக்கு ஆள் தேவையில்லை. நான் புகையைப் பற்றிப் பேசப் போகிறேன். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்தவனுக்கு அதைப் பேசும் உரிமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. எங்களில் எத்தனையோ பேரைப் படிப்பித்தது புகையிலைக் காசுதான்.

ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அங்கே புகையிலை வணிகம் அரசின் ஏகபோகம். அந்த அரசு வாங்கினால் இங்கே தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார், வாங்காவிட்டால் கடன்பட்டார். பிறகு எங்கள் ஆட்கள் தாங்களே கடை போடப் புறப்பட்டார்கள். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, அனலைதீவு என்று ஊர் ஊராகக் கிளம்பித் தென்னிலங்கைச் சந்திகளில் சுருட்டுக்கடை திறந்தார்கள். என் பேரனாரும் குருநாகல் பக்கம் அப்படி ஒரு கடை வைத்திருந்தவர். வருசத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு ஊருக்கு வருவார். தீவகத்துக் கோயில் மதில்களிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் அந்த மனிதர்களின் சுருட்டுக் காசு கலந்திருக்கிறது.

ஆகவே புகையிலை விற்றவர்களை இழித்துப் பேச எனக்கு வாய் வராது. அதற்காகப் புகையிலையைக் கொண்டாடவும் முடியாது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் வாய்ப்புற்றுநோயோடு படுத்திருக்கும் ஒரு முதியவரை இங்கே மருத்துவம் படித்த பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். அவருடைய இளமையில் அவருக்கு எச்சரிக்கை சொல்ல ஆளில்லை. உங்கள் தம்பி தங்கைகளுக்கு அப்படி ஒரு சாக்குச் சொல்ல முடியாது.

அவர்களிடம் வருவது இலை அல்ல. பேனை அளவான ஒரு கருவி, வேப் என்பார்கள். உள்ளே ஒரு பற்றரி, ஒரு சூட்டுக் கம்பி, கிளிசரினும் நிக்கொட்டினும் வாசனையும் கலந்த கொஞ்சம் திரவம். இழுக்கும்போது கம்பி சூடேறித் திரவம் ஆவியாகிறது. 2003ஆம் ஆண்டளவில் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்தார். இன்று உலகச் சந்தைக்குப் போகும் கருவிகளில் மிகப் பெரும்பாலானவை ஷென்சென் நகரில் செய்யப்படுகின்றன. அதே சீனா, 2022 ஒக்டோபர் முதல், பழவாசனை போன்ற வாசனை சேர்த்த வேப்பைத் தன் நாட்டுக்குள் விற்கத் தடைவிதித்தது. ஏற்றுமதிக்கு அந்தத் தடை இல்லை. தன் பிள்ளைக்குக் கொடுக்காததை அயல்வீட்டுப் பிள்ளைக்கு விற்பது என்றால் இதுதான்.

என் பேரனார் காலத்துச் சுருட்டிலும் வாசனை இருந்தது. கோடா என்ற வாசனைக் கரைசலில் ஊறவைத்துத்தான் பக்குவப்படுத்தினார்கள். இருந்தாலும் முதல் சுருட்டை இழுத்த பையன் இருமி இருமிக் கண்ணீர் விட்டான். அந்த இருமல் ஒரு காவல். இந்தப் புதிய தொழில், நிக்கொட்டினோடு அமிலம் சேர்த்து உப்பாக்கி, தொண்டைக் காறலைக் குறைத்து, அந்தக் காவலை எடுத்துவிட்டது. மாம்பழ வாசனையில் முதல் இழுவையே சுகமாக இருக்கிறது. அடிமைப்படுத்தும் வேலையை நிக்கொட்டின் எப்போதும்போலச் செய்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் 10 கோடிக்கு மேற்பட்டோர் வேப் பாவிக்கிறார்கள். அவர்களில் குறைந்தது 1.5 கோடிப் பேர் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகள். தரவு உள்ள நாடுகளில் பெரியவர்களை விடப் பிள்ளைகள் வேப் பாவிக்கும் வாய்ப்பு சராசரியாக 9 மடங்கு. எந்தக் கொம்பனிக்காரரைக் கேட்டாலும், சிகரெட்டை விட முடியாத பெரியவர்களுக்காகவே இதைச் செய்கிறோம் என்பார். அந்தப் பேச்சில் ஒரு பகுதி உண்மை. சிகரெட்டைக் கைவிட வேப் சிலருக்கு உதவுகிறது என்று நல்ல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, பிரித்தானிய அரசே புகைப்பவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது. 50 வயதில் இருமிக்கொண்டிருக்கும் ஒருவர் சிகரெட்டிலிருந்து அதற்கு மாறினால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஒருநாளும் புகைக்காத 14 வயதுப் பிள்ளை எதை விடுவதற்காக இதை இழுக்கிறது?

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். சட்டம் படித்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை ஆசியாவில் முந்தி ஏற்ற நாடுகளில் இலங்கை ஒன்று. 2003 நவம்பரிலேயே ஏற்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கியது, விளம்பரத்தைத் தடுத்தது, 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்றது. 2016 செப்டெம்பரில் ஒரு வர்த்தமானி வந்தது. புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டையும் மெல்லும் புகையிலைக் கலவைகளையும் அது தடைசெய்தது.

நல்ல நோக்கம். ஆனால் 'புகையிலை அடங்கிய' என்ற அந்த அடைமொழி போதாது. கருவிக்குள் இருப்பது இலையல்ல, இலையிலிருந்து பிரித்த நிக்கொட்டின். ஆய்வுகூடத்தில் செயற்கையாகச் செய்த நிக்கொட்டின் என்றால் புகையிலைத் தோட்டத்தோடு அதற்கு உறவே கிடையாது. கெட்டிக்காரச் சட்டத்தரணி ஒருவர் வாதாட இவ்வளவு இடம் போதும். இது வெறும் கற்பனைப் பயமல்ல. அமெரிக்காவில் சில நிறுவனங்கள் எங்கள் சரக்கு செயற்கை நிக்கொட்டின், புகையிலைச் சட்டம் எங்களைத் தொடாது என்று விற்றன. 2022 மார்ச்சில் அந்நாட்டுக் காங்கிரஸ், நிக்கொட்டின் எங்கிருந்து வந்தாலும் சட்டத்துக்குள் வரும் என்று வரையறையைத் திருத்திய பிறகுதான் அந்த வழி அடைபட்டது.

மலேசியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை, வேதனையான வேடிக்கை. வரி வாங்க வேண்டுமென்பதற்காக 2023 மார்ச் 31 அன்று திரவ நிக்கொட்டினை நஞ்சுப் பொருட்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் 2024 ஒக்டோபர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் ஒன்றரை ஆண்டு, நிக்கொட்டின் வேப்பைச் சிறுவருக்கு விற்றவரைப் பிடிக்கச் சட்டமில்லை. வரியை முதலில் எழுதி, வயதைப் பிறகு எழுதியதன் விலை அது. இலங்கையில் வருமானம் தேடும் அதிகாரிகளுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும்.

நம்மைப்போலத் தீவுகளான மாலைதீவு வேறு வழியில் போனது. 2024 நவம்பரில் வேப் இறக்குமதியை நிறுத்தியது, அடுத்த மாதமே விற்பனையையும் பாவனையையும் தடைசெய்தது. 2025 நவம்பர் 1 முதல், 2007ஆம் ஆண்டு தொடக்கம் பிறந்த எவருக்கும் அங்கே வாழ்நாள் முழுவதும் புகையிலை விற்க முடியாது.

தடை போட்டால் முடிந்ததா என்று கேட்பீர்கள். முடியாது. இந்தியா 2019இலேயே முழுத்தடை போட்டது, முதற்குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை. இருந்தும் அங்கே மறைவாக விற்பனை நடக்கிறது. பாக்கு நீரிணையைக் கடந்து வரும் பீடியிலை மூட்டைகளைக் கடற்படை பிடித்த செய்தி எங்களுக்குப் புதிதல்ல. பீடியிலை மூட்டையே ஒளித்துக் கொண்டுவரக் கூடியதென்றால், சட்டைப் பையில் அடங்கும் கருவி எம்மாத்திரம்? அதற்குப் படகும் வேண்டாம். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் நம்மவர் நடத்தும் கடைகளில் இந்தக் கருவிகள் விலைப்படுகின்றன. நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வரும் மருமகனின் பெட்டிக்குள் சொக்லேற்றோடு அதுவும் வரலாம். பிரித்தானியா, ஒருமுறை பாவித்து எறியும் வேப்பை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்துவிட்டது. தேங்கிய சரக்கு எந்தக் கரையில் ஒதுங்கும் என்று நாங்கள் யோசிக்க வேண்டும். நெடுந்தீவில் எறியப்படும் லித்தியம் பற்றரியை யார் எடுத்துப்போவது என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி.

ஒன்று எனக்கு உறுத்துகிறது. 2020க்குள் புகையிலைச் செய்கையையே நிறுத்துவது என்று அரசு ஒரு காலத்தில் அறிவித்தது. 2016 வர்த்தமானியோ மெல்லும் கலவையைத் தடுத்தது. யாழ்ப்பாணப் புகையிலை பெரும்பாலும் மெல்லவும் சுருட்டவும் போவது. அடி வாங்கியது அனலைதீவிலும் வேலணையிலும் புகையிலைக் கெட்டு முறிக்கும் விவசாயி. பிரித்தானிய அமெரிக்கப் புகையிலை நிறுவனத்தின் கையில் பெரும்பங்கு உள்ள இலங்கைப் புகையிலைக் கொம்பனியின் சிகரெட் வழக்கம்போலக் கடையில் இருக்கிறது. நோயைப் பார்த்தால் மெல்லும் புகையிலைத் தடை சரியே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சட்டம் ஏழைத் தோட்டத்தில் கூர்மையாகவும் கருவிக்காரரிடம் மழுங்கியும் இருப்பது நீதியல்ல.

விவசாய பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கிறது. தீவில் புகையிலை நிலைத்ததற்குக் காரணம் காசு மட்டுமல்ல. உலர்த்திக் கட்டிய இலை, படகு ஓடாத நாட்களிலும் அழுகாமல் காத்திருக்கும். தக்காளி காத்திருக்காது. உவர் ஏறும் கிணற்று நீரில் வளர்ந்து, கடல் கொந்தளித்தாலும் கெடாமல் கிடந்து, விலைபோகும் பயிர் ஒன்றைச் சொல்லாமல் புகையிலையை விடு என்று தோட்டக்காரரிடம் போகாதீர்கள்.

சட்டம் படித்தவர்களிடம் என் வேண்டுகோள் இன்னும் சிறியது. அந்த 2016 வர்த்தமானியை எடுத்து வாசியுங்கள். 'நிக்கொட்டின் அடங்கிய, அது எம்மூலத்திலிருந்து வந்ததாயினும்' என்று ஒரு திருத்தம் வரைந்து, அதிகாரசபைக்கும் உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். நிக்கொட்டின் இல்லை என்று சொல்லி விற்பதற்கும் அதே 21 வயதெல்லையை எழுதுங்கள், ஏனென்றால் கருவியைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று எந்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகராலும் சொல்ல முடியாது. மூன்று மொழியிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் திரும்பவும் அனுப்புங்கள். பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டும் வேலையைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் இந்தக் கிழமையே கடிதத்தை எழுதத் தொடங்குங்கள்.