ரேம் மாற்றினீர்களா? திரை இருட்டா?

லேப்டாப்பில் கூடுதல் ரேம் போட்டபின் திரை இருட்டாகவே இருந்தால் பயப்படாதீர்கள். என் பென்ஷன் கோப்புகள் போச்சே என்று நானும் ஒரு ராத்திரி தூங்கவில்லை. அவை ஹார்டு டிஸ்கில் இருப்பவை. ரேம் மாற்றினால் அழியாது.

வங்கியில் கணக்கு டேலி ஆகாவிட்டால் ஒவ்வொரு பதிவாக டிக் அடித்துப் பார்ப்போம். இங்கும் அப்படியே. சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி இணைப்பையும் எடுங்கள். டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது, லேபிளைப் பாருங்கள். முதலில் பழைய ரேமை மட்டும் போட்டு ஓட்டுங்கள். ஓடினால் மெஷினில் கோளாறில்லை. அடுத்து, அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும். சாய்வாக முழுக்கச் செருகி அழுத்தினால், இருபுறக் கொக்கியும் 'க்ளிக்' என்று பிடிக்க வேண்டும். நான் அரைகுறையாகச் செருகியிருந்தேன், அவ்வளவுதான்!

பழைய ரேமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சோதிக்க அதுதான் சாட்சி.