குறட்டை திடீரென நின்றால்
(அன்புவழிபுரம் கூட்டத்தில் பேசியது)



வேலைத்தலத்தில் தூங்கி விழுகிறவனுக்குச் சோம்பேறிப் பட்டம், அரைப்பேர். இரவில் அவன் எப்படித் தூங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

உரத்த குறட்டை சட்டென்று நின்று, மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறி விழிக்கிறாரா? தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. மணிக்கு 30 தடவைக்கு மேல் அடைபட்டால் அது கடுமையான நோய். தூங்குகிறவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்கே தெரியும்.

குறட்டை விடும் எல்லோரும் நோயாளிகள் அல்ல. ஆனால் காலையில் தலைவலி, பகலில் தூக்கம், அடங்காத பிரஷர் சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கும் இது வரும். லொறி ஓட்டுகிறவரும் மெஷினில் நிற்கிறவரும் முதலில் போகவேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கக் காசில்லை. போகும்போது வீட்டுக்காரியையும் கூட்டிப்போங்கள். அவர்தான் சாட்சி.